அத்தியாயம் 6: எட்டாத கேபிளை எட்ட வைப்பது

கேமராவுக்கு இடம் குறிக்கிற நாளில் எல்லாரும் சுவரைத்தான் பார்க்கிறார்கள். கேபிள் எந்த வழியாக வரும் என்பது, வேலை முடிகிற நாளில் ஏணி மேல் நிற்பவர் "அண்ணாச்சி, நாலடி பத்தல" என்று சொல்லும்போதுதான் நினைவுக்கு வருகிறது. தென்காசி, குற்றாலம் வட்டாரத்தில் இது அடிக்கடி நடப்பதற்குக் காரணம் கட்டடங்களின் அமைப்பு. முன்னால் ஓட்டு வீடு, பின்னால் பிறகு எழுப்பிய மாடி, பக்கத்தில் அருவிச் சீசனுக்காகப் போட்ட தகர ஷெட் என்று கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்த இடங்கள் இவை. கண்ணுக்கு 20 மீட்டராகத் தெரியும் இடத்துக்கு, சுவரைச் சுற்றி, உத்தரம் ஏறி, கேபிள் போய்ச் சேர 40 மீட்டர் பிடித்துவிடும்.

நீட்டுவதற்குப் பல வழிகள் உண்டு. எந்த வழியாக இருந்தாலும் முதலில் முடிவு செய்ய வேண்டியது இணைப்பு எந்த இடத்தில் அமையும் என்பது. எந்தப் பொருளால் இணைப்பது என்ற கேள்வி அதற்குப் பிறகுதான். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை சாரல் அடிக்கும் ஊரில், கூரைக்குள் இருக்கும் சாதாரண கப்ளர், வெளியில் தொங்கும் விலை உயர்ந்த வாட்டர்ப்ரூஃப் கப்ளரைவிட நீண்ட நாள் உழைக்கும்.

இங்கே சொல்வதெல்லாம் லான் கேபிளில் ஓடும் ஐபி கேமராக்களுக்கு. டிவிஆரில் ஓடும் 3+1 கேபிளுக்குக் கணக்கு வேறு.

முதலில் அளவு

ஏற்கெனவே இழுத்த கேபிளின் நீளம் தெரியாமல் நீட்டத் தொடங்க வேண்டாம். அதை அளக்க டேப் தேவையில்லை. பெரும்பாலான கேபிள்களின் உறை மேல் மீட்டருக்கு ஒரு எண், சிலவற்றில் இரண்டடிக்கு ஒரு எண், அச்சாகியிருக்கும். 305 மீட்டர் பெட்டியிலிருந்து எடுத்த கேபிளில் என்விஆர் (படத்தைப் பதிவு செய்யும் பெட்டி) முனையில் 212 என்றும் கேமரா முனையில் 268 என்றும் இருந்தால் நீளம் 56 மீட்டர். எண்கள் அடிக்கணக்கில் இருந்தால் வித்தியாசத்தை 3.28-ஆல் வகுத்துக்கொள்ளுங்கள்.

இப்போது நீட்ட வேண்டிய நீளத்தையும் கூட்டுங்கள். கேட்-5இ, கேட்-6 கேபிள்களுக்கு ஸ்விட்ச் முதல் கேமரா வரை மொத்தம் 100 மீட்டர் எல்லை. இதில் 90 மீட்டர் சுவரில் பதித்த கேபிளுக்கும் 10 மீட்டர் இருபக்க பேட்ச் கார்டுகளுக்கும் என்பது கேபிள் அமைப்புக்கான தரம் வகுத்த கணக்கு. 120 மீட்டரில் படம் வருவதைப் பார்த்தவர்கள் இருப்பார்கள். ஆனால் நீளம் கூடக்கூடச் சிக்னல் தேய்கிறது, பக்கத்து ஜோடியின் இரைச்சல் ஏறுகிறது. வெயிலில் கேபிள் சூடானால் இழப்பு இன்னும் அதிகம். கொடுத்த அன்று ஓடியது, கோடையில் விட்டு விட்டு வரத் தொடங்கும்.

கூட்டிய பிறகு உங்கள் வேலை மூன்றில் ஒன்றாக இருக்கும்:

1. நீட்டிய பிறகும் மொத்தம் 100 மீட்டருக்குள் இருக்கிறது. இதற்குக் கப்ளரோ ஜங்ஷன் பாக்ஸோ போதும்.
2. 100 மீட்டரைத் தாண்டுகிறது. இதற்கு இடையில் ஒரு கருவி வேண்டும், அல்லது ஃபைபர் வேண்டும்.
3. வேறொரு கட்டடத்துக்குத் திறந்தவெளியில் போகிறது. தூரம் குறைவானாலும் இடியைக் கணக்கில் எடுக்க வேண்டும்.

இணைப்பே இல்லாமல் முடியுமா?

முடிந்தால் அதுதான் நல்ல வழி. பைப்புக்குள் போன கேபிள் என்றால், பழைய கேபிளையே கயிறாகப் பயன்படுத்தலாம். அதன் ஒரு முனையில் புதிய நீளமான கேபிளைக் கட்டி, முடிச்சின் மேல் டேப்பை வழவழப்பாகச் சுற்றி, மறுமுனையிலிருந்து மெல்ல இழுங்கள். ஒருவர் இழுக்க, ஒருவர் இந்தப் பக்கம் தள்ளிக் கொடுக்க வேண்டும். நாலு ஜோடி லான் கேபிள் தாங்கும் இழுவிசை சுமார் 11 கிலோதான். அதற்கு மேல் இழுத்தால் உள்ளே ஜோடிகளின் முறுக்கு கலைந்துவிடும். வெளியிலிருந்து பார்த்தால் கேபிளில் ஒரு குறையும் தெரியாது.

பழைய கேபிள் அசையவில்லை, ஆனால் என்விஆர் பக்கம் ரேக்கில் சுருளாகக் கிடக்கிறதென்றால் அந்தச் சுருளைக் கவனியுங்கள். கிளிப்புகளைத் தளர்த்தி அந்த உபரியைக் கேமரா பக்கம் நகர்த்தலாம். ரேக்கில் குறையும் நீளத்தை அங்கேயே ஒரு பேட்ச் கார்டால் ஈடுசெய்யலாம். கேமரா பக்கம் பத்தாமல் போன நாலடி, இப்போது மழை எட்டாத, கை எட்டுகிற அறைக்குள் பத்தாமல் போன நாலடியாக மாறிவிட்டது. இணைப்பை நல்ல இடத்துக்கு நகர்த்துவது என்று நாம் சொல்வது இதைத்தான்.

100 மீட்டருக்குள் நீட்டுவது

கப்ளர்: இரண்டு பக்கமும் ஆர்ஜே-45 பின் செருகும் சிறு பெட்டி. வாங்கும்போது கேட்-6 என்று குறித்ததை வாங்குங்கள். டெலிபோன் காலத்துக் கப்ளர்கள் கம்பிகளைத் தலைகீழாக மாற்றிவிடும். ஒரு கேபிளில் ஒரு கப்ளருடன் நிறுத்துங்கள். பத்துப் பத்தடியாக மூன்று துண்டுகளைக் கப்ளர் போட்டுக் கோத்தால், ஆறு பின்கள் தளர்வதற்கு ஆறு இடம் கொடுத்தது போலத்தான்.

பஞ்ச்-டவுன் ஜங்ஷன் பாக்ஸ்: கேபிளின் இரு முனைகளையும் கம்பி கம்பியாகக் கத்திப் பற்களுக்குள் அழுத்தி இணைக்கும் சிறு பெட்டி. பின் எதுவும் இல்லாததால் அசைவுக்குக் கப்ளரைவிட நன்றாகத் தாங்கும். சுவரில் நிரந்தரமாக வைக்க இதுவே ஏற்றது. முறுக்கைப் பிரிப்பது 13 மில்லிமீட்டருக்கு மேல் போகக்கூடாது.

முறுக்கி டேப் சுற்றுவது: வேண்டாம். எட்டுக் கம்பிகளையும் நிறம் பார்த்து முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றினால் படம் வரும். ஆனால் ஜோடி முறுக்கு போன அந்த இரண்டு அங்குலத்தில் சிக்னல் திரும்பி அடிக்கும், டேப்புக்குள் ஈரம் நிற்கும். விருந்தினர் நிறைந்த சனிக்கிழமை இரவில் ஏணி தேட வேண்டியிருக்கும்.

பின் அடிக்கும்போது இரு முனையிலும் டி568பி வரிசை: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. நீலத்தை நடுவில் வைத்துப் பச்சையை இருபுறமும் பிரிப்பது சிலருக்கு வீண் வேலையாகத் தோன்றும். ஜோடி ஜோடியாக வரிசையாக அடுக்கி, இரு முனையும் ஒரே மாதிரி அடித்துவிடுவார்கள். டெஸ்டரில் எட்டு விளக்கும் ஒழுங்காக எரியும். ஆனால் 3, 6 என்ற கால்களில் ஓட வேண்டிய ஒரே சிக்னல், இப்போது வெவ்வேறு ஜோடிகளின் கம்பிகளில் ஓடுகிறது. முறுக்கு தரும் பாதுகாப்பு போய்விட்டது. 10 மீட்டரில் இது தெரியாது. 60 மீட்டருக்கு நீட்டிய அன்று தெரியும். பழைய முனையில் பின் எந்த வரிசையில் இருக்கிறது என்று பார்க்காமல் புது முனையை அடிக்காதீர்கள்.

வெளியில்தான் இணைப்பு என்றால்

சில இடங்களில் வேறு வழி இருக்காது. அப்போது இந்த வரிசையில் செய்யுங்கள்:

1. கூரையின் நீட்சிக்கு அடியிலோ, சன்ஷேடுக்கு அடியிலோ இடம் பாருங்கள். மேற்கு பார்த்த சுவரைத் தவிருங்கள். தென்மேற்குப் பருவத்தில் ஆரியங்காவு கணவாய் வழியாக வரும் காற்று சாரலைப் படுக்கையாகக் கொண்டுவந்து அடிக்கும்.
2. ரப்பர் வளையம் உள்ள பிளாஸ்டிக் பெட்டி வைத்து, கேபிள்கள் இரண்டையும் அடிப்பக்கத் துளைகள் வழியாக, கேபிள் கிளாண்ட் போட்டு உள்ளே விடுங்கள்.
3. உள்ளே நுழையும் முன் கேபிளைப் பெட்டிக்குக் கீழே ஒரு சாண் தொங்கவிட்டு மேலே ஏற்றுங்கள். வழிந்து வரும் நீர் அந்தத் தொங்கலின் அடியில் சொட்டிவிடும்.
4. பெட்டிக்குள் ஒரு முழம் உபரிக் கேபிளைச் சுருட்டி வையுங்கள். பின் கெட்டால் வெட்டிப் புதிதாக அடிக்க நீளம் இருக்கும்.
5. கேமராவிலிருந்து தொங்கும் வாலுடன் வரும் ரப்பர் மூடியைத் தூக்கிப் போடாதீர்கள். பின் அடிக்கும் முன்பே அதைக் கேபிளில் கோத்துவிட வேண்டும். பிறகு கோக்க முடியாது.

லான் இணைப்பில் ஈரம் ஏன் இவ்வளவு பொல்லாதது? பிஓஇ (லான் கேபிளிலேயே மின்சாரமும் அனுப்பும் முறை) கேபிளில் சுமார் 48 வோல்ட் நேர்மின்சாரம் எந்நேரமும் இருக்கிறது. ஈரத்தோடு மின்சாரம் சேரும்போது, சும்மா கிடக்கும் செம்பைவிடப் பல மடங்கு வேகமாகப் பின்னில் களிம்பு ஏறும். பச்சை நிறம் கண்ணில் பட்டால் துடைத்துப் பயனில்லை. அந்தப் பின்னை வெட்டி எறியுங்கள்.

வெளியில் ஓடும் துண்டு கறுப்புப் பாலிஎத்திலீன் உறை கொண்ட அவுட்டோர் கேபிளாக இருக்கட்டும். உள்ளறைக்கான கேபிளின் உறை வெயிலில் வெடித்து, வெடிப்பு வழியாக மழை இறங்கும். குற்றாலத்தில் குரங்குகளையும் கணக்கில் எடுக்க வேண்டும். கைக்குக் கிடைத்த தொங்கலைப் பிடித்து ஆடும், கடிக்கும். எட்டும் உயரத்தில் உள்ள கேபிள் முழுவதையும் பிவிசி பைப்புக்குள்ளோ ஜிஐ ஃப்ளெக்சிபிள் பைப்புக்குள்ளோ விடுங்கள். சொட்டுத் தொங்கலை எட்டாத இடத்தில் மட்டும் வெளியே காட்டுங்கள்.

பெட்டியை ஓடைக் கரைக்கோ தாழ்வான மதிலுக்கோ கொண்டுபோக வேண்டாம். 2024 மே 17 அன்று, சீசன் தொடங்கும் முன்பே, பழைய குற்றால அருவியில் திடீரெனப் பெருக்கெடுத்த வெள்ளத்தில் 17 வயதுச் சிறுவன் ஒருவன் உயிரிழந்தான். மலைமேல் பெய்கிற மழை கீழே நிற்பவருக்குத் தெரியாது. ஓடைப் பக்கம் கேபிள் இழுக்கும் ஆட்களுக்கும் இதைச் சொல்லிவைக்க வேண்டும்.

வழியில் கரையும் மின்சாரம்

நீட்டிய கேமரா பகலில் ஓடி, இரவில் அணைந்து அணைந்து எரிகிறதா? பெரும்பாலும் குற்றம் கேமராவில் இருக்காது. இருட்டியதும் அகச்சிவப்பு விளக்குகள் எரிகின்றன, கேமரா இழுக்கும் மின்சாரம் கூடுகிறது, நீண்ட கேபிள் அதைக் கொண்டுசேர்க்க முடியாமல் திணறுகிறது.

லான் கேபிளின் உபரி ஜோடிகளில் 12 வோல்ட்டை அனுப்பும் மலிவு ஏற்பாட்டை எடுத்துக்கொள்வோம். 50 மீட்டர் செம்புக் கேபிளில் போக வர மின்தடை சுமார் 4 ஓம். பகலில் 5 வாட் கேமராவுக்குச் சுமார் 2 வோல்ட் வழியிலேயே கரையும். இரவில் 8 வாட் ஆனால் சுமார் 4 வோல்ட் கரைந்து, கேமராவுக்கு 8 வோல்ட் அளவுதான் போய்ச் சேரும். அதே 8 வாட்டை 48 வோல்ட் பிஓஇ-யில் 100 மீட்டருக்கு அனுப்பினாலும் கரைவது ஒன்றரை வோல்ட் அளவுதான். நீட்ட வேண்டிய கேபிள் என்றால் 12 வோல்ட் ஏற்பாட்டைக் கைவிட்டுப் பிஓஇ-க்கு மாறிவிடுங்கள். 2003-இல் வந்த 802.3ஏஎஃப் தரம் ஸ்விட்ச் முனையில் 15.4 வாட்டும் கேமரா முனையில் 12.95 வாட்டும் உறுதி தருகிறது. 2009-இன் 802.3ஏடி முறையே 30, 25.5 வாட் தரும். சுழலும் பிடிஇசட் கேமராவுக்குப் பின்னது தேவைப்படலாம்.

இந்தக் கணக்கெல்லாம் சுத்தச் செம்புக்கு. சிசிஏ என்று விற்கும், அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய கேபிளில் மின்தடை ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. கடையில் ஒரு கம்பியைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளி நிறம் தெரிந்தால் அது அலுமினியம். பழைய கேபிள் சிசிஏ என்று தெரிந்தால் அதை நீட்டாதீர்கள், மாற்றுங்கள்.

100 மீட்டரைத் தாண்டினால்

ஐந்தருவி சாலையோரத் தோப்பு, இலஞ்சி வயல் நடுவே மோட்டார் ரூம், பண்பொழி அடிவாரத்தில் காட்டுப்பன்றி இறங்கும் வேலி என்று இந்தப் பக்கம் கேட்கப்படும் தூரங்கள் சாதாரணமாக 150, 200 மீட்டர். நாலு வழிகள் உண்டு.

எக்ஸ்டெண்ட் பொத்தான்: கேமராவுக்கென்று வரும் பல பிஓஇ ஸ்விட்சுகளில் இந்தப் பெயரில் ஒரு சிறு பொத்தான் இருக்கும். அதைத் தள்ளினால் வேகம் 10 எம்பிபிஎஸ்-க்குக் குறைந்து, 250 மீட்டர் வரை போகும் என்று தயாரிப்பாளர்கள் சொல்கிறார்கள். 2 முதல் 4 மெகாபிக்சல் கேமராவுக்கு 10 எம்பிபிஎஸ் தாராளம். ஆனால் இது பொதுத் தரத்தில் இல்லாத வசதி. சுத்தச் செம்பாக, இடையில் இணைப்பில்லாத கேபிளாக இருந்தால் மட்டும் நம்புங்கள்.

பிஓஇ எக்ஸ்டெண்டர்: கேபிளிலேயே மின்சாரம் எடுத்துக்கொண்டு, சிக்னலைப் புதுப்பித்து இன்னொரு 100 மீட்டருக்கு அனுப்பும் பெட்டி. தனக்கும் சில வாட் எடுத்துக்கொள்ளும் என்பதால் ஸ்விட்ச் 30 வாட் வகையாக இருப்பது நல்லது. தோப்பின் நடுவே ஒரு மரத்தில் இதைக் கட்டும் பழக்கம் வேண்டாம். மோட்டார் ரூம் வழியில் இருந்தால் அதன் கூரைக்கடியில் வையுங்கள்.

ஃபைபர்: 200 மீட்டருக்கு மேல் போனாலும் கட்டடம் விட்டுக் கட்டடம் போனாலும் இதுதான் நேரான வழி. இரு முனையிலும் ஒரு ஜோடி மீடியா கன்வர்ட்டர் போட்டால் ஒற்றை இழையிலேயே கிலோமீட்டர் கணக்கில் போகும். இழையைச் சேர்க்கும் ஸ்ப்ளைசிங் மெஷினை நீங்கள் வாங்க வேண்டாம். ஊரில் ஃபைபர் இணைப்பு தரும் கேபிள் ஆபரேட்டர்கள் வைத்திருப்பார்கள். கூலி கொடுத்துச் செய்துகொள்ளலாம். ஒன்றை மறக்கக்கூடாது: ஃபைபரில் மின்சாரம் போகாது. மறுமுனையில் கரண்டும், கரண்ட் போனால் தாங்க ஒரு சிறிய யுபிஎஸ்ஸும் வேண்டும்.

வயர்லெஸ் பிரிட்ஜ்: 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இரு பெட்டிகள் நேருக்கு நேர் பேசும். வயல்வெளியில் அருமையாக ஓடும். தோப்பில் ஓடாது. ஈர இலைகள் இந்த அலையை விழுங்கிவிடும். மே மாதம் பார்த்துப் பொருத்திய இடைவெளியில் ஜூலைக் காற்று தென்னை மட்டையைக் கொண்டுவந்து நிறுத்தும்.

மண்ணில் புதைப்பதானால் ஹெச்டிபிஇ குழாயில், இரண்டடி ஆழத்தில் விடுங்கள். மோட்டாருக்குப் போகும் மும்முனைக் கேபிளோடு ஒரே குழியில் ஒட்டிப் போட வேண்டாம். ஓரடியாவது விலக்கி, குறுக்கே கடக்க வேண்டிய இடத்தில் செங்குத்தாகக் கடக்க வையுங்கள். மின்வாரியக் கம்பத்தில் அனுமதியின்றிக் கேபிள் கட்டுவது சட்டத்துக்கும் உயிருக்கும் ஆபத்து.

இடிக்குத் தனிக் கணக்கு

இங்கே சீசன் சாரலைவிட ஏப்ரல்-மே கோடை மழையும், அக்டோபர்-நவம்பர் வடகிழக்குப் பருவமும்தான் இடியைக் கொண்டுவரும். கேபிள் நேரடியாக அடிபட வேண்டியதில்லை. பக்கத்துத் தென்னையில் விழுந்தாலே இரு கட்டடங்களின் எர்த்துக்கு இடையே பெரும் வோல்ட் வித்தியாசம் எழும். நீங்கள் நீட்டிய செம்பு அதற்குப் பாலமாகி, கேமரா, ஸ்விட்ச், என்விஆர் மூன்றும் ஒன்றாகப் போகும்.

அதனால் கட்டடம் மாறும் இடத்தில் ஃபைபர் போடுங்கள். அதிலும் எஃகுக் கம்பி இல்லாத வகையைக் கேட்டு வாங்குங்கள். தாங்குகம்பி எஃகாக இருந்தால் அதுவே மின்னலைக் கடத்தும். செம்புதான் வழி என்றால் இரு முனையிலும் சர்ஜ் புரொடெக்டர் போட்டு, ஒழுங்கான எர்த் கொடுங்கள். எர்த் கொடுக்காத சர்ஜ் புரொடெக்டர் இன்னொரு கப்ளர் மட்டுமே.

நீட்டிய பின் சோதனை

எட்டு விளக்கு டெஸ்டர் கம்பி தொடர்கிறதா என்று மட்டும் சொல்லும். மேலும் மூன்று பாருங்கள்:

1. ஸ்விட்சில் அந்தப் போர்ட்டின் வேகம். 100 வர வேண்டிய கேமரா 10-இல் நின்றால் ஏதோ ஓர் இணைப்பு மோசம். எக்ஸ்டெண்ட் பொத்தான் போட்டிருந்தால் மட்டும் 10 சரி.
2. லேப்டாப்பிலிருந்து கேமராவுக்குப் பத்து நிமிடம் தொடர்ந்து பிங் அனுப்புங்கள். அந்த நேரத்தில் இன்னொருவர் இணைப்புப் பெட்டியை லேசாக ஆட்டட்டும். ஒரு பதிலும் தவறக்கூடாது.
3. லென்ஸ் முன் துணி போட்டு மூடி, இரவு விளக்குகளை எரியவிட்டுப் படம் நிற்கிறதா என்று பாருங்கள். இதைப் பகலிலேயே செய்துவிட்டால் இரவு அழைப்பு வராது.

நீண்ட கேபிள் கேமராவைப் புதிய இடத்துக்குக் கொண்டுபோகிறது என்பதால் ஒரு கேள்வி கூடுதலாகக் கேளுங்கள்: அங்கிருந்து என்ன தெரிகிறது? குளித்துவிட்டு உடை மாற்றும் கூட்டம் நிறைந்த ஊர் இது. விடுதியின் குளியலறை வாசலோ உடை மாற்றும் இடமோ படத்தில் வந்தால் கோணத்தைத் திருப்புங்கள். பெண்களை அத்தகைய நிலையில் படம் பிடிப்பது 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 77-ஆவது பிரிவின்கீழ்க் குற்றம்.

ஒப்படைக்கும் முன்

ஒவ்வொரு இணைப்புக்கும் ஒரு எண் கொடுத்து, பெட்டி மேலும் இரு முனைக் கேபிள் மேலும் எழுதுங்கள். ஒரு தாளில் கட்டடத்தின் வரைபடம் போட்டு, இணைப்பு இருக்கும் இடங்கள், அந்தந்தக் கேபிளின் மொத்த நீளம், செம்பா ஃபைபரா, போட்ட தேதி ஆகியவற்றைக் குறித்து என்விஆர் கதவின் உட்புறம் ஒட்டிவிடுங்கள். அடுத்த முறை நீட்ட வருபவர் உங்கள் ஆளாக இல்லாமல் போகலாம். 85 மீட்டர் ஆகிவிட்ட கேபிளில் இன்னும் 20 மீட்டர் சேர்க்கக்கூடாது என்று அவருக்கு அந்தத் தாள்தான் சொல்லும்.

நீட்டும் வேலைகளை மே நடுப்பகுதிக்குள் முடித்துவிடுங்கள். ஜூனில் விடுதி நிரம்பிய பிறகு ஏணி வைக்க இடம் கிடைக்காது, ஈரச் சுவரில் போட்ட பெட்டியும் ஒட்டாது. செப்டம்பர் கடைசியில் வெளிப்பெட்டிகளை மட்டும் ஒருமுறை திறந்து, களிம்பு இருக்கிறதா, எறும்பு கூடு கட்டியிருக்கிறதா, ரப்பர் வளையம் தளர்ந்திருக்கிறதா, எர்த் கம்பி உறுதியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மூடுங்கள். அந்த வேலைக்குக் கூலி உண்டு என்பதை ஒப்பந்தம் பேசும்போதே உரிமையாளரிடம் சொல்லிவிடுவது இருவருக்கும் நல்லது.